இடது மரை

கழலவே இல்லை. ஒரு மணி நேரமாக இசக்கிராஜா சைக்கிளின் பெடல் அச்சைப் பிடித்திருக்கிற அந்தக் கப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தாயிற்று, சீட்டும் ஹேண்டில்பாரும் மண்ணில் புதைகிற அளவுக்கு மேலே ஏறி அழுத்தியாயிற்று, மண்ணெண்ணெய் ஊற்றியாயிற்று, தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாம் சொல்லியாயிற்று. அப்பாவின் லாரிப் பெட்டியிலிருந்து எடுத்த பைப் ரெஞ்சு கப்பின் விளிம்பைக் கவ்வும், இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பான், ரெஞ்சு வழுக்கும், கை போய் ஃபிரேம் இரும்பில் இடிக்கும். திரும்பத் திரும்ப இதே கதை. வலது கை மொளியில் மூன்று இடத்தில் தோல் உரிந்து, கிரீஸும் ரத்தமும் மண்ணும் கலந்து ஒரு நிறம், அந்த நிறத்துக்குப் பேர் கிடையாது. எரிந்தது. எரியட்டும். மணி ரெண்டு இருக்கும். வீட்டுக்குப் பின்பக்கம் நிழல் என்று ஒரு சாண்கூட இல்லை, உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற காத்து உதட்டில் கரித்தது. நாலு மணிக்கு மாமாவின் குட்டியானை வந்துவிடும். மாமா ஆள் ஒரு மாதிரிதான், ஆனால் சொன்ன நேரம் தப்ப மாட்டார். திருப்பூருக்குப் போகிற அந்த வண்டியில் இந்த சைக்கிள் ஏற வேண்டும், கூடவே அம்மாவின் தையல் மிஷின், ரெண்டு சாக்குப் பாத்திரம், ஒரு பீரோ, அம்மா, அப்புறம் தம்பி. தம்பியைக் கடைசியில் நினைத்தது தெரிந்தேதான். முதலில் நினைத்தால் கை ஓடாது. கை ஓடவில்லை என்றால் சைக்கிள் முடியாது. சைக்கிள் முடியாவிட்டால் என்ன. என்னவோ. இழு.

இது ஒன்றும் பெரிய வேலை இல்லை, கடையில் அப்படித்தான் சொன்னார்கள். பெடல் ரெண்டையும் கோத்துக்கொண்டு சைக்கிளின் வயிற்றுக்குள் ஒரு இரும்பு அச்சு ஓடுகிறது, ஆக்ஸில், கட்டைவிரல் தடிமன், அவ்வளவுதான். ரெண்டு பக்கமும் ரெண்டு கப்பு, கப்புக்குள்ளே பால்ஸ், சின்னச் சின்ன இரும்புக் குண்டு. பின்னைத் தட்டி எடு, பெடல் கட்டையை உருவு, கப்பைக் கழற்று, பழைய ஆக்ஸிலைத் தூர எறி, புதுசைப் போடு. "பிஎம்எக்ஸா? இன்னுமால அத ஓட்டுதீய?" என்று மூன்றாவது கடைக்காரர் சிரித்துவிட்டு, மேலே ஏணி போட்டு ஏறி, தூசிக்குள்ளிருந்து ஆக்ஸிலும் கப்பும் பால்ஸும் சேர்ந்த ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். எட்டு வயதில் இசக்கிக்கு வந்த சைக்கிள் அது. அப்பா எங்கேயோ லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது லாரிக்கு மேலே கட்டிக் கொண்டுவந்தார், கட்டை அவிழ்த்தார், கீழே வைத்தார், உள்ளே போய்ப் படுத்துவிட்டார். உனக்குத்தாண்டா என்றுகூடச் சொல்லவில்லை. சாயங்காலம் வரைக்கும் இசக்கி அதைத் தொடவில்லை, யாருக்கோ கொண்டுபோகிற சாமான் என்று நினைத்து. அப்பா அப்படித்தான். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், பேசவும் மாட்டார். இப்போது தம்பி தர்சனுக்குப் பத்து வயது, சைக்கிள் அவன் கைக்குப் போய் மூன்று வருசம். போன வருசம் பாலத்துச் சரிவில் விழுந்தான், அன்றிலிருந்து ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டக். சின்னச் சத்தம். நாக்கை அண்ணத்தில் தட்டுகிற மாதிரி. சந்துக்குள் திரும்பும்போதே கேட்கும், டக், டக், டக், படுத்திருக்கிற இசக்கி கண்ணைத் திறக்காமலே, வந்துட்டான் சனியன் என்று கதவுக் கொண்டியைக் காலால் தள்ளிவிடுவான். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எரிச்சல் வரும். வரத்தான் செய்தது. இல்லை என்று இப்போது மாற்றிச் சொல்ல முடியாது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் வைத்துப் பேசி முடித்தார்கள். பெரிய மனுசர்கள் நாலு பேர், நடுவில் ஒரு தட்டு முறுக்கு. அம்மா ஒரு வருசமாகத் திருப்பூரில், மாமா வீட்டில் இருந்து பனியன் கம்பெனிக்குப் போகிறாள், இப்போது வந்ததே பேசி முடித்துச் சாமானை எடுத்துப்போகத்தான், இனி இங்கே வருவதாக இல்லை. "பதினெட்டு வருசம் சொவத்துக்கூட குடும்பம் நடத்தியாச்சுண்ணே. இனிமே மனுசங்க கூட ரெண்டு வார்த்த பேசணும் போல இருக்கு" என்றாள். அழவில்லை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், தரையில் ஒரு எறும்பு முறுக்குத் தூளை இழுத்துக்கொண்டு போனது, அவர் அதைப் பார்த்தார், இசக்கியும் அதைத்தான் பார்த்தான். பெரியவன் தகப்பன்கிட்ட, சின்னவன் தாய்கிட்ட என்று ஒருத்தர் சொன்னார். பாத்திரம் பங்கு வைக்கும்போது அண்டா அங்கே, குத்துப்போணி இங்கே என்கிற மாதிரி. மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள், வாயில் முறுக்கு. அப்போது அத்தை கேட்டாள், நல்லவள்தான், இருந்தும் ஏன் கேட்டாளோ, "ஏல இசக்கி, நீ தலப்பிள்ள. ஒனக்கு என்ன தோணுது, சொல்லு." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கதவோரம் தர்சன் நின்றான், இவனையே பார்த்துக்கொண்டு, கண்ணுக்குள் விழுந்துவிடுகிற மாதிரி. பரீட்சையில் நமக்குத் தெரிந்த விடையைச் சொல்லிக் கொடுக்கச் சொல்லிப் பார்ப்பானே ஒருத்தன், அந்தப் பார்வை. இசக்கி வாயைத் திறந்தால் "எனக்கென்ன" என்று வந்தது. எனக்கென்ன. அதுதான். அந்த வார்த்தையை அவன் யோசிக்கவே இல்லை, இருமல் மாதிரி வந்துவிட்டது. பள்ளிக்கூடத்திலும் இதே வாய்தான். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு வாத்தியார், நீயெல்லாம் எதுக்குலே பள்ளிக்கூடத்துக்கு வார என்று கேட்டார், எனக்கென்ன சார் என்றான், மறுநாளிலிருந்து போகவில்லை. அதற்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் இந்த எனக்கென்ன வேறு. இது போய் விழுந்த இடம் வேறு. கதவோரம் நின்றவன் அப்படியே உள்பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கென்ன என்றால் அக்கறை இல்லை என்றுதான் அர்த்தமா, எனக்கு என்ன சொல்லத் தெரியும் என்று அர்த்தமாகக் கூடாதா, நான் சொன்னால் கேட்கவா போகிறீர்கள் என்று அர்த்தமாகக் கூடாதா. ஆகாது. எனக்கென்ன என்றால் எனக்கென்னதான். ரெஞ்சு வழுக்கியது. கை இடித்தது. அதே இடம்.

"என்னல, சைக்கிளுக்குப் பிரசவம் பாக்குதியா?" சுவருக்கு மேலே அல்போன்ஸின் தலை. அடுத்த வளவுக்காரன், இசக்கியோடு தினமும் உப்புப் பொட்டலம் கட்டப் போகிறவன், பால் ஐஸைச் சப்பிக்கொண்டு சுவரில் ஏறி உட்கார்ந்தான், கால் ரெண்டும் இந்தப் பக்கம் தொங்கியது. "போல அங்கிட்டு" என்றான் இசக்கி. அவன் போகிற ஆள் இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தான், ஐஸ் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்தது. "எந்தப் பக்கம் சுத்துத?" "இடப்பக்கந்தான். கழட்டணும்னா இடப்பக்கம், மாட்டணும்னா வலப்பக்கம். ஒங்கப்பன் வேற மாதிரியா கழட்டுவாரு?" அல்போன்ஸ் சிரித்த சிரிப்பில் ஐஸ் குச்சியிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது, அதற்கும் சேர்த்துச் சிரித்தான். "ஏல, மரை கழண்ட பயலே! செயின் பக்கத்துக் கப்பு இடது மரைல. அதுக்கு எல்லாமே தலகீழு. வலப்பக்கம் சுத்துனாத்தான் கழலும். எவ்வளவு நேரமா இந்தப் பாடு?" ஒரு மணி நேரம் இருக்கும் என்று இசக்கி முனகினான். "ஒரு மணி நேரமா? அப்ப ஒரு மணி நேரமா நீ கழட்டவே இல்லல. இறுக்கிருக்க." சனியன், சரியாகத்தான் சொல்கிறான். ரெஞ்சைத் திருப்பிக் கவ்வவிட்டு வலப்பக்கம் அழுத்தினான், உடனே அசையவில்லை, இறுக்கின இறுக்கு அப்படி, முழு உடம்பையும் அதன் மேல் போட்டான், கிறீச் என்று ஒரு முனகல், பிறகு ஒரு நூல் அளவு அசைவு, பிறகு கால் சுற்று. விட்டுக்கொடுத்துவிட்டது. சந்தோசம் வரவேண்டிய இடம். வரவில்லை. ஒரு மணி நேரமாகக் கழற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு இறுக்கியிருக்கிறோம் என்பது மட்டும் மண்டைக்குள் ஈ மாதிரி சுற்றியது. அந்த ஒரு மணி நேரம் நன்றாகத்தான் இருந்தது, இப்போது தெரிகிறது, கழலாமல் இருந்தவரைக்கும் எல்லாம் அப்படியே இருந்தது.

ஆக்ஸில் வெளியே வந்தது. முருங்கைக்காய் வளைகிற மாதிரி ஒரு வளைவு. கப்பிலும் ஒரு கீறல், உள்ளே பால்ஸ் பாதி நொறுங்கி, கருப்பு மாவாகக் கிடந்தது. இசக்கி ஆக்ஸிலைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தான், உருளாமல் நொண்டியது. பாலத்துச் சரிவில் விழுந்தபோது இவ்வளவு வளையவில்லை, முந்தாநாள்வரை ஓடிக்கொண்டுதானே இருந்தது, நேற்று வெள்ளிக்கிழமைதான் பெடல் சுத்தாமல் மாட்டிக்கொண்டது. "எப்படில இப்படி வளைஞ்சிருக்கு" என்று அவன் தனக்குத்தானே சொன்னதை அல்போன்ஸ் எடுத்துக்கொண்டான். "ஒந்தம்பி வேலதான். மூணு நாளா உப்புக் கொடவுன் மேட இருக்குல்லா, லோடு ஏத்துத மேட, அதுல இருந்து சைக்கிளோட குதிச்சிட்டே கெடந்தாம்ல. ரெண்டு கால்லயும் பெடல்ல எந்திரிச்சு நின்னுட்டு, பொத்துன்னு. திருப்பி ஏறுவான், திருப்பியும் பொத்துன்னு. சாகசம் பழகுதான் போலன்னு நெனச்சேன். ஏல, ஒடஞ்சிரும்லன்னு சொன்னேன். ஒடையட்டும்ங்கான்." "ஒடையட்டும்னானா?" "ஆமா. மொகத்தப் பாக்கணுமே, வெளையாடுத மாதிரியே இல்ல, வேல பாக்குத மாதிரி. ஒடையவே மாட்டேங்குன்னு அழுதான்ல ஒரு தடவ." அல்போன்ஸை அவன் அம்மா கூப்பிட்டாள், சுவரிலிருந்து அந்தப் பக்கம் குதித்துப் போனான். போகிறபோக்கில், "வண்டி வந்ததும் சொல்லு, சாமான் ஏத்த வாரேன்" என்றான். இசக்கி ஆக்ஸிலைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

திங்கள்கிழமை. அத்தை வீட்டிலிருந்து வந்த மறுநாள். தர்சன் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தான், நான் வரல, நான் வரல. அம்மாவுக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரி என்னவோ சொன்னாள். "எய்யா, அழாதய்யா. ஒஞ்சைக்கிளையும் கொண்டுட்டுப் போவோம். அண்ணன் அத நல்லா சரி பண்ணித் தருவான். சைக்கிளு சரியாவாம நாம கெளம்பவே மாட்டோம், என்ன?" அழுகை டக்கென்று நின்றது. இசக்கி வாசலில் இருந்து கேட்டான், சைக்கிள் என்றதும் அழுகையை நிறுத்திட்டான் பாரு என்று நினைத்தான். அப்படித்தான் நினைத்தான், அவ்வளவு மடையன். சைக்கிள் சரியாகாமல் கிளம்ப மாட்டோம். அந்தச் சின்ன மண்டைக்குள் அது ஒரு சட்டமாக விழுந்திருக்கிறது. அப்படியானால் சரியாகக் கூடாது. அப்படியானால் உடை. கொடவுன் மேடை இசக்கியின் நெஞ்சு உயரம். அங்கிருந்து, ரெண்டு காலையும் பெடலில் ஊன்றிக்கொண்டு. எத்தனை தடவை. உடைய மாட்டேங்குது என்று அழுதானாம். வெள்ளிக்கிழமை பெடல் மாட்டிக்கொண்டதும் வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து, "ண்ணே, சைக்கிள் போச்சு" என்றான், முகத்தில் ஒரு வெளிச்சம், காய்ச்சலோ என்று நினைக்கிற மாதிரி. அதற்கு இவன் என்ன செய்தான். மூன்று கடை ஏறி இறங்கி ஆக்ஸில் வாங்கிக்கொண்டு வந்தான். பொட்டலத்தைக் காட்டினான், "நாளைக்குள்ள முடிச்சிருவேன், கவலப்படாத" என்றான். கவலப்படாதயாம். அவன் மொட்டை மாடிக்குப் போய்விட்டான். இப்போதும் மேலேதான் இருக்கிறான், காலையிலிருந்து, தண்ணித் தொட்டிக்குப் பின்னால். மேலே இருந்து பார்த்தால் இந்தப் பின்பக்கம் முழுசாகத் தெரியும். பார்த்துக்கொண்டுதான் இருப்பான். ஒரு மணி நேரம் கழலாமல் இருந்ததையும் பார்த்திருப்பான். சாமி கும்பிட்டிருப்பானோ. இசக்கி நிமிர்ந்து பார்க்கவில்லை.

போட வேண்டாம். இந்தப் பொட்டலத்தைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்துவிட்டால். எறிந்துவிட்டால் என்ன, நாலு மணிக்கு மாமா வருவார், சைக்கிள் ரெடி இல்லையா, சரி கெடக்கட்டும், ஏறுலே என்பார். வண்டி போகும். சைக்கிள் உடைந்தால் கிளம்ப மாட்டோம் என்பதெல்லாம் அம்மா சும்மா சொன்னது, பெரியவர்கள் சும்மாதான் சொல்வார்கள், அது தர்சனுக்குத் தெரியாது. அவன் சைக்கிளையும் உடைத்துவிட்டு, ஊரையும் விட்டுவிட்டு, அங்கே போய் நிற்பான். ஏதோ ஒரு திருப்பூர்ச் சந்தில், ஓடாத சைக்கிளோடு, தானே உடைத்தது, சரி பண்ண ஆள் இல்லை. அதையாவது. அதையாவது ஓட்டட்டும். இப்படி யோசித்தபோது கை ஏற்கெனவே புதுக் கப்பை எடுத்திருந்தது. கைக்கு வாயை விடப் புத்தி உண்டு என்று அவன் எப்போதும் நினைப்பான். கிரீஸை விரலால் வழித்துக் கப்புக்குள் பூசினான், பால்ஸை ஒவ்வொன்றாகப் பதித்தான், அதில் ஒன்று வழுக்கி மண்ணில் விழுந்தது. விழுந்த இடம் உடனே தெரிந்தது, வெயிலில் மினுங்கிக்கொண்டு முட்டிக்கு முன்னாலேயே கிடந்தது. ஆனாலும் தேடினான். அங்கே தேடினான், இங்கே தேடினான், அந்த ஒரு இடத்தை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் மண்ணைக் கிளறினான், ஒன்று குறைந்தால் போட முடியாதே, ஒன்று குறைந்தால் என்ன செய்ய முடியும், என்று. இது யாருக்கு நடிப்பு. மேலே இருக்கிறவனுக்கா. தனக்கேவா. பின்வாசலில் அம்மா வந்து நின்றாள், கையில் சொம்பு. "முடிஞ்சிட்டாய்யா?" "ம்." "காலைலருந்து ஒண்ணுமே சாப்புடலையே நீ." "ம்." அம்மா அவன் கை மொளியைப் பார்த்தாள். "அப்பன மாதிரியே ம் போடு" என்றாள், திட்டுகிற மாதிரி இல்லை, ரொம்பக் களைத்த மாதிரி, சொம்பைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மா, தர்சனைக் கொண்டுபோகாதே. இது தொண்டைவரை வந்தது, வந்து அங்கேயே உட்கார்ந்தது. அங்கேயும் மரை தலைகீழ்தானோ என்னவோ. எந்தப் பக்கம் சுற்றினால் கழலும் என்று யாராவது சுவரேறி வந்து சொன்னால் தேவலை. குண்டை எடுத்தான். துடைத்தான். பதித்தான்.

குட்டியானை நாலுக்குப் பத்து நிமிசம் முன்னாடியே வந்தது. "மருமவனே, பெரிய மெக்கானிக்குல்லா ஆயிட்ட!" என்று மாமா முதுகில் தட்டினார். பீரோ ஏறியது, மிஷின் ஏறியது, அல்போன்ஸ் வந்து சாக்கைத் தூக்கிப் போட்டான். அப்பா வரவில்லை, அவருக்கு இன்று வேண்டுமென்றே ஒரு லோடு இருந்தது. தர்சன் மாடிப்படியில் இறங்கி வந்தான், பள்ளிக்கூடத்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, முகம் கழுவி, தலை வாரி. நேரே சைக்கிளிடம் வந்தான். இசக்கி அதை நிமிர்த்தி, பின்சக்கரம் தரையில் படாமல் ஸ்டாண்டில் நிறுத்தி, துணியால் துடைத்து வைத்திருந்தான், ஃபிரேமில் சிவப்பு கொஞ்சம் திரும்பியிருந்தது. தர்சன் குனிந்து ஒரு கையால் பெடலைச் சுற்றினான். சுற்றியது. வெண்ணெய் மாதிரி, ஒரு சத்தம் இல்லாமல். கையை எடுத்த பிறகும் பின்சக்கரம் தானாக ஓடிக்கொண்டே இருந்தது, ரெண்டு பேரும் அது நிற்கிறவரைக்கும் அதையே பார்த்தார்கள். பிறகு தர்சன் நிமிர்ந்து பார்த்தான், அத்தை வீட்டுக் கதவோரத்தில் பார்த்த அதே கண். "ஏண்ணே சரி பண்ணுன?" என்றான். கோபமாகக் கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிஜமாகவே தெரியாமல் கேட்டான். இசக்கி வாயைத் திறந்தான். நீ அங்க போயி ஓட்டணும்ல, அதான், இல்ல, அதில்ல, எனக்கு வேற எதுவும் செய்யத் தெரியாதுல, கை மட்டுந்தாம்ல வேல செய்யுது. இதில் ஒன்றும் வரவில்லை. கையைத் துணியில் துடைத்தான், துடைத்த கையையே திரும்பத் துடைத்தான். "தர்சா, சைக்கிள எங்கன வைக்க, பீரோவுக்கு மேலயா, பக்கத்துலயா?" வண்டிக்கு மேலே இருந்து மாமா கத்தினார். தர்சன் அண்ணனை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "எனக்கென்ன."

வண்டி போய்விட்டது. அம்மா இசக்கியின் தலையைத் தடவி என்னென்னவோ சொன்னாள், அவன் ம் ம் என்றான், அதுவும் முடிந்தது. பின்பக்கம் வந்து சாமான்களைப் பெட்டிக்குள் போட்டான். ரெஞ்சு, சுத்தியல், மண்ணெண்ணெய் போத்தல். வளைந்த ஆக்ஸில் மண்ணில் கிடந்தது, அதை எடுத்தான், கீழே போட்டான், திரும்ப எடுத்தான். ஐந்து மணி ஆனதும் டியூஷன் முடிந்த பையன்கள் சந்துக்குள் சைக்கிளில் போவார்கள், போனார்கள், ஒவ்வொரு சைக்கிளுக்கும் அவன் காது தானாக விடைத்தது, மணிச் சத்தம், செயின் உரசல், ஒருத்தன் பிரேக் போட்ட சத்தம். டக் இல்லை. எப்படி இருக்கும், அதைத்தான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கழற்றி எடுத்தாயிற்றே. லீவுக்கு அந்த சைக்கிளோடு அவன் திரும்பி வந்தாலும் சந்துக்குள் திரும்புவது இனிக் கேட்காது, படுத்திருக்கிறவன் படுத்தேதான் கிடப்பான். எட்டு மணிக்கு அப்பா வருவார். போயிட்டாங்களா என்று கேட்க மாட்டார், போயிட்டாங்க என்று இவன் சொல்ல மாட்டான், ரெண்டு தட்டு, ரெண்டு ம். எதிரே அல்போன்ஸ் ஏறி உட்கார்ந்த சுவர், அதன் அடியில் மண்ணில் ஐஸ் சொட்டின கறை காய்ந்து கிடந்தது, அதில் எறும்பு. இசக்கி அந்தச் சுவரைப் பார்த்தபடி, ஆக்ஸிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "போவாதல" என்றான். நன்றாக வந்தது. ஒரு திக்கல் இல்லை. "போவாதல தர்சா" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தான்.